ரைட் டைம் சொல்லாத வாய்

என் வீட்டுக்காரர் யார்மேலும் கோபத்தை மனதில் வைத்துக்கொள்ளாதவர் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. தெருவா அவரோடு குடும்பம் நடத்தியது?

முப்பது வருஷத்துக்கு மேல் பஸ் ஓட்டியவர். அவர் பிரேக் போட்டால் நின்றுகொண்டு வருபவர் கையில் இருக்கும் டீகூடத் தளும்பாது என்பதால் டிப்போவில் அவருக்குப் பஞ்சு என்று பெயர். குறுக்கே ஓடி வந்தவனைக்கூடத் திட்ட மாட்டார். "போய்ட்டு வாய்யா" என்பார். அப்படிப்பட்டவர் ஒரே ஒரு ஆள்மேல் மட்டும் வருஷக்கணக்கில் கறுவிக்கொண்டிருந்தார். ரிட்டயர் ஆனால் தணியும் என்று நினைத்தேன். வேறு வேலை இல்லாததால் அது இன்னும் செழிப்பாக வளர்ந்தது.

அந்த ஆள் டிப்போவின் டைம் கீப்பர். வாசலில் கண்ணாடி அறை, சுவரில் பெரிய வட்டக் கடிகாரம், அதன் கீழே அவர். வண்டி உள்ளே நுழையும்போது கடிகாரத்தைப் பார்த்து மைக்கில் சொல்ல வேண்டியது அவர் வேலை. நேரத்துக்கு வந்தால் "ரைட் டைம்". இல்லாவிட்டால் "லேட்". லேட் என்று விழுந்துவிட்டால் டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி, "எழுதிக்கோங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். அங்கே அதுதான் மரியாதை. எதிர்த்துப் பேசினால் மறுநாளும் லேட் நிச்சயம். சதா கடிகார முள்ளையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவரை முள்ளு சார் என்பார்கள். குத்தியதாலும்தான்.

வண்டி உள்ளே வரும்போது டிரைவர் கையில் கட்டியிருக்கும் கடிகாரத்தில் நேரம் இருக்கும். கண்ணாடி அறைக் கடிகாரத்தில் போயிருக்கும். அந்தக் கடிகாரம் வேகமாக ஓடுகிறது என்று எல்லோரும் முணுமுணுப்பார்கள், வாய்விட்டுச் சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் கிடையாது. எப்போதோ ஒருவர் கேட்டதற்கு, "இது ரேடியோ நேரத்துக்கு வெச்ச கடிகாரம்யா. உன் கையில இருக்கிறது பொம்மை" என்றாராம் முள்ளு சார்.

புது டிரைவர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் எடுத்தபோது, அந்த வேலை இவருக்குத்தான் என்று டிப்போவே நம்பியது. நானும் நம்பினேன். லேட் அதிகம் என்று தட்டிக் கழித்துவிட்டார்கள். அந்த இடத்துக்குப் போனவர் பிரேக் போட்டால் கடைசி சீட்டில் இருப்பவர் டிரைவர் பக்கத்தில் வந்து நிற்பார். அவர்தான் புதுப் பிள்ளைகளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். இன்றைக்கும் ஏதாவது பஸ்ஸில் போகும்போது தூக்கிப் போட்டால், அந்த ஆளின் சிஷ்யன் என்று எனக்குப் புரிந்துவிடும்.

ரிட்டயர் ஆகும் அன்று கடைசி ட்ரிப்பில் நானும் மகளும் அந்த வண்டியிலேயே ஏறிக்கொண்டோம். வழியில் ஒரு நிமிஷம் வீணாகவில்லை, என் கண்ணால் பார்த்தேன். கேட்டுக்குள் நுழைந்தோம். வழியனுப்ப ஆட்கள் கூடி நின்றார்கள். மைக் கரகரத்தது.

"பஞ்சு, கடைசி ட்ரிப்பும் லேட்."

கூட்டம் சிரித்தது. இவரும் சிரித்துக்கொண்டே ஜன்னலில் தலையை நீட்டி, "எழுதிக்கோங்க சார்" என்றார். வீட்டுக்கு வந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

"இனிமே எந்தக் கடிகாரத்துக்கும் நான் பதில் சொல்ல மாட்டேன்" என்றார்.

அன்றோடு கைக்கடிகாரம் போயிற்று. சமையலறைச் சுவரில் என் கடிகாரம் ஒன்று உண்டு. அவரை வேலைக்குத் துரத்துவதற்காக அதைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தது, அப்படியே பழகிவிட்டது. அது அவருக்கும் தெரியும், அதனால் அதையும் நம்ப மாட்டார். கைபேசியை எங்கே வைத்தோம் என்பதே அவருக்கு ஞாபகம் இருக்காது. ஆக வீட்டில் அவர் நம்பியது ஒரே ஒரு கடிகாரத்தை. அது மகள் விட்டுப்போன கம்ப்யூட்டர் திரையின் மூலையில் இருந்தது.

மகள் படிக்கும்போது வாங்கியது அந்தக் கம்ப்யூட்டர். கல்யாணமாகிப் போனவள் அதை அறையிலேயே விட்டுவிட்டுப் போனாள். இவரோடு பல வருஷம் ஒரே வண்டியில் ஓடிய கண்டக்டர் ஒருவர் இருக்கிறார். மிச்சச் சில்லறையைக் கடைசி நிறுத்தம் வரை கொடுக்க மாட்டார், அதனால் சில்லறை என்றே பெயர் நின்றுவிட்டது. அவர்தான் ஒருநாள் போன் செய்தார். ரிட்டயர் ஆன டிப்போ ஆட்கள் எல்லாரும் கம்ப்யூட்டரில் பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரவர் வீட்டிலிருந்தே சேர்ந்து ஓட்டுகிறார்கள் என்றார். கண்டக்டராக இருந்தவர்களுக்கும் ஸ்டியரிங் கிடைக்கிறதாம். மகளிடம் சொன்னதும் ஸ்டியரிங்கும் பெடலும் வாங்கி அனுப்பிவிட்டாள்.

முதல் நாள் இவர் உட்கார்ந்ததைப் பார்க்க வேண்டுமே. திரையின் இரண்டு பக்கமும் கையால் தட்டிப் பார்த்தார், டயரில் காற்று பார்ப்பதுபோல. நாற்காலியை முன்னும் பின்னும் இழுத்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். முடித்து எழுந்ததும் சுவரில் இருக்கும் கம்ப்யூட்டர் மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் அறையை விட்டு வந்தார். வண்டியை ஷெட்டில் விட்டால் பேட்டரி சுவிட்சை அணைக்காமல் இறங்கக் கூடாதாம். விளையாட்டு என்று சொன்னால் முகம் மாறிவிடும். டியூட்டி என்று சொல்ல வேண்டும்.

"டியூட்டி முடிஞ்சுதா? காய் நறுக்க வர்றீங்களா?" என்று கேட்பேன். சந்தோஷமாக வருவார். அந்தச் சந்தோஷம் இரண்டு வாரம் நீடித்தது.

மூன்றாவது வாரம் முள்ளு சார் வந்து சேர்ந்தார். ரிட்டயர் ஆன அத்தனை பேருக்கும் வண்டி ஓட்ட ஆசை. அவருக்கு மட்டும் வண்டி வேண்டாம், வாசல்தான் வேண்டும். விளையாட்டுக்குள் இருக்கும் டிப்போ வாசலில் ஒரு ஆளாக நின்றுகொண்டு, வருகிற வண்டிகளுக்கு நேரம் சொல்ல ஆரம்பித்தார். யாராவது வேண்டாம் என்றார்களா? அத்தனை வருஷம் பயந்து பழகிய ஆட்கள், வாயை மூடிக்கொண்டார்கள். விளையாட்டுக்குள் பகலும் ராத்திரியும் தன் இஷ்டத்துக்கு மாறும், அதனால் நிஜக் கடிகாரத்தை வைத்து ஓட்டுவது என்று அவரே சட்டம் போட்டார். ஆளுக்கொரு நிலையத்திலிருந்து, அவரவருக்குக் குறித்த நேரத்துக்கு, அவரவர் கம்ப்யூட்டரில் மணி பார்த்துக் கிளம்பி வாசலுக்கு வர வேண்டும்.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரோ திக்கித் திக்கி ஓடியது. இவர் ஸ்டியரிங்கை ஒடித்த பிறகு யோசித்துத்தான் பஸ் திரும்பும். ரவுண்டானாவில் திரை அப்படியே உறைந்து நிற்கும். விழித்துக்கொள்ளும்போது வண்டி யாரோ ஒருவர் கடைக்குள் இருக்கும். ஜன்மத்தில் ஒரு சைக்கிளைக்கூட உரசாத மனிதர், அங்கே விளக்குக் கம்பங்களைச் சாய்த்துக்கொண்டு வந்தார். வாசலுக்கு வந்து சேர்ந்தால் அந்தப் பழைய குரல்.

"பஞ்சு, லேட். வேலையிலயும் லேட், விளையாட்டுலயும் லேட். எதுலய்யா நீ நேரத்துக்கு வருவ?"

ஸ்பீக்கரில் அத்தனை பேர் சிரிப்பும் கேட்டது. நான் கையில் கரண்டியோடு அறை வாசற்படியில் நின்றேன். இவர், "எழுதிக்கோங்க சார்" என்றார். அவர் பின்கழுத்து சிவந்திருந்தது. மனுஷன் வீட்டுக்கு வந்த பிறகும், என் மகள் அறைக்குள்ளேயே வந்து நின்றுகொண்டு அவமானப்படுத்துகிறான்.

அன்றைக்குச் சாப்பிடும்போது சொன்னார். "ஒரே ஒரு தடவ அந்த வாய் 'பஞ்சு, ரைட் டைம்'னு சொல்லணும். எல்லார் காதுலயும் விழணும். அதுக்கப்புறம் நான் ஸ்டியரிங்கத் தொடலன்னாலும் சரி."

"சொல்லும்போது தொண்டையில அடைக்கணும்" என்றேன் நான்.

மகளைப் போனில் பிடித்தார். அவள், கம்ப்யூட்டருக்குள் நமக்குத் தெரியாமல் எந்தெந்தச் சர்வீஸ் ஓடுகிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்து படிக்கச் சொன்னாள். ஒவ்வொன்றாகப் படித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். நான் ஒருத்தி குடித்தனம் நடத்திய வீட்டில் இத்தனை பேர் எனக்குத் தெரியாமல் குடியிருந்தார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நாங்கள் எப்போதோ தூக்கிப்போட்ட பிரிண்டருக்காக ஒருத்தன் காத்துக்கொண்டிருந்தான். ஃபேக்ஸ் வந்தால் வாங்கி வைக்க ஒருத்தன். மகள் தொலைத்துவிட்ட போனில் பாட்டு ஏற்ற ஒருத்தன். அவள் காலேஜில் எழுதியதை எல்லாம் யாராவது தேடினால் எடுத்துக் கொடுப்பதற்காக, யாருமே தேடாவிட்டாலும், ஓயாமல் புரட்டிக்கொண்டே ஒருத்தன். வைரஸைப் பிடிக்க இரண்டு பேர். அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்பட்டு டிஸ்க்கையே உழுதுகொண்டிருந்தார்கள்.

"ட்ரிப்புக்கு டிக்கெட் வாங்காம ஏறி உக்காந்திருக்கானுங்க எல்லாரும்" என்றார் இவர். "வண்டி எப்படி இழுக்கும்?"

"அப்பா, அவசரப்படாதீங்க" என்றாள் மகள். "ஒவ்வொண்ணுக்கும் கீழ என்ன வேலைன்னு எழுதியிருக்கும். படிச்சுப் பாருங்க. நமக்கு வேணாம்னு நல்லாத் தெரிஞ்சா மட்டும் நிறுத்துங்க. சந்தேகமா இருந்தா மேனுவல்னு வைங்க, தேவைப்பட்டா அதுவே எந்திரிச்சுக்கும். தெரியாததத் தொடாதீங்க. ஒரு நேரத்துல ஒண்ணு. ஓட்டிப் பாத்துட்டு அடுத்தது."

"சரி பாப்பா, சரி பாப்பா" என்றார். மகள் சொல்லும் எதற்கும் அவர் அப்படித்தான் சொல்வார். கேட்பது வேறு விஷயம்.

இருந்தாலும் முதலில் ஒழுங்காகத்தான் செய்தார். பிரிண்டர்காரனை இறக்கிவிட்டார். ஃபேக்ஸை இறக்கிவிட்டார். வைரஸ்காரர்களில் மகள் சொன்ன ஒருத்தனை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவனைக் கணக்குத் தீர்த்து அனுப்பினார். புரட்டிக்கொண்டே இருந்தவனை நிறுத்தியதும் கம்ப்யூட்டருக்குள் கேட்டுக்கொண்டிருந்த கறக் கறக் சத்தமே நின்றுபோயிற்று. நடுவில் கை தவறிச் சத்தத்துக்கான சர்வீஸையும் அணைத்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் முள்ளு சார் குரல் வீட்டில் கேட்கவில்லை. அப்படியே விட்டுவிடுங்கள் என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "அவன் ரைட் டைம்னு சொன்னா எப்படிக் கேக்கும்?" என்று திரும்பப் போட்டுவிட்டார்.

ஒவ்வொன்றை இறக்கிவிடும்போதும் வண்டிக்கு உயிர் வந்தது. எனக்கே பார்க்கத் தெரிந்தது. ரவுண்டானாவில் திரை நிற்கவில்லை. கை திரும்பும்போதே பஸ் திரும்பியது. அங்கேதான் நிறுத்தியிருக்க வேண்டும்.

பட்டியலின் அடியில் ஒன்று கண்ணில் பட்டது. விண்டோஸ் டைம். கீழே வேலையும் எழுதியிருந்தது: கம்ப்யூட்டரின் தேதியையும் நேரத்தையும் சரியாக வைத்துக்கொள்வது. இவர் நாற்காலியில் சாய்ந்து அதையே முறைத்துப் பார்த்தார்.

"வீட்டுக்குள்ளயும் ஒரு டைம் கீப்பரா?" என்றார்.

"பாப்பாவக் கேட்டுட்டு..." என்றேன்.

"இதுக்கு எதுக்குப் பாப்பா? கடிகாரம்தான் தானா ஓடுதே. பக்கத்துல நின்னு மணி சொல்ல இவன் எதுக்கு?" ஒரே அழுத்து. நிறுத்தப்பட்டது என்று காட்டியது. முள்ளு சாரையே சட்டையைப் பிடித்து வெளியே தள்ளியதுபோல ஒரு பெருமை முகத்தில்.

அந்த வாரம் அவர் ஓட்டியதை நான் கூடவே உட்கார்ந்து பார்த்தேன். பழைய பஞ்சு. வளைவுகளில் பாலாக வழுக்கிக்கொண்டு வந்தார். மூலையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன், வாசலுக்குள் நுழையும்போது சரியான நேரம். நான் முந்தானையை வாயில் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"பஞ்சு" என்றது ஸ்பீக்கர். "ஒரு நிமிஷம் லேட்."

ஒரு நிமிஷம்தானே, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அடுத்த வாரம் இன்னும் நன்றாக ஓட்டினார். இரண்டு நிமிஷம் லேட் என்றது. அதற்கடுத்த வாரம் அதற்கும் மேலே. நன்றாக ஓட்ட ஓட்ட லேட் ஏறிக்கொண்டே போனது. மற்றவர்களுக்கு எல்லாம் ரைட் டைம் விழுந்தது. ரவுண்டானாவைச் சுற்றாமல் நேராக ஏறி வந்த சில்லறைக்குக்கூட ரைட் டைம். இவர் சாப்பாட்டில் பாதியை ஒதுக்கி வைக்க ஆரம்பித்தார்.

"அதே வேலை" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "எனக்கு மட்டும் கடிகாரத்த ஓட்டி விடுறான்."

எனக்கும் சந்தேகமே இல்லை. நேரத்தைத் திருடிப் பழகின கை சும்மா இருக்குமா?

பிறகு அந்தப் பெரிய நாள் வந்தது. டிப்போ திறந்த நாளை நினைத்து எல்லோரும் ஒன்றாக ஓட்டுவது என்று முடிவாகியிருந்தது. வெளியூரில் இருந்தவர்கள்கூட வந்து சேர்ந்தார்கள். அவரவர் வீட்டு ஆட்களும் கூட இருந்து கேட்டார்கள். மகளும் தன் வீட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இவர் குளித்து, முடியை வாரி, வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்தார். மூலைக் கடிகாரத்தில் குறித்த நேரத்துக்குக் கிளம்பி, குறித்த நேரத்துக்கு வாசலில் நுழைந்தார்.

முள்ளு சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பஞ்சு. ஆறு நிமிஷம் லேட். நல்ல நாள்லகூடவாய்யா?"

சிரிப்பு கிளம்பியது. இவர் வாயைத் திறந்தார். எழுதிக்கோங்க சார் என்றுதான் வரப்போகிறது என்று நினைத்தேன்.

"உங்க கடிகாரம் வேகமா ஓடுது சார்" என்றார்.

சிரிப்பு பட்டென்று நின்றது.

"என்னய்யா சொன்ன?"

"இன்னிக்கும் வேகமா ஓடுது, அன்னிக்கும் வேகமா ஓடுச்சு. என் கடைசி ட்ரிப்புல நான் லேட் இல்ல. என் பொண்டாட்டி புள்ள முன்னாடி பொய் சொன்னீங்க." அதோடு நிறுத்தவில்லை. "என் பயிற்சி வேலை அந்தக் கடிகாரத்தாலதான் போச்சு."

"யோவ், வாய அடக்கு" என்றார் முள்ளு சார். "என் கம்ப்யூட்டர்ல மணி கரெக்டா இருக்கு. எல்லாருக்கும் அதே மணிதான். இது தானா நேரம் வாங்கிக்கிற கடிகாரம். இத என்னால திருப்ப முடியாதுய்யா!"

எனக்கு அந்தக் கடைசி வார்த்தை காதில் மாட்டிக்கொண்டது. இத்தனை வருஷம் நான் அந்த ஆளிடம் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். மைக் பக்கம் குனிந்தேன்.

"இத திருப்ப முடியாது. சரி சார். அப்ப அத திருப்பினீங்களா?"

யார் வீட்டிலோ மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது.

"சொல்லுங்க சார்" என்றது சில்லறையின் குரல். அவர் அந்த மாதிரி பேசி நான் கேட்டதே இல்லை.

"ஆமா, திருப்பித்தான் வெச்சேன்" என்றார் முள்ளு சார். "அஞ்சு நிமிஷம். அதுல என்ன குத்தம்? கடிகாரம் சரியா இருந்திருந்தா உங்கள்ல ஒருத்தன் நேரத்துக்கு வந்திருப்பானா? பயந்துதான ஓட்டினீங்க? டிப்போ பேர் வாங்குச்சுல்ல? நன்றி சொல்லணும்யா நீங்க எனக்கு."

நன்றி சொன்னார்கள், அவரவர் பாணியில். லேட்டால் பதவி உயர்வு தள்ளிப்போனவர் ஒருவர். லேட்டுக்குத் தண்டனையாக லீவு மறுக்கப்பட்டு, அப்பா சாவுக்கு அடுத்த நாள் போய்ச் சேர்ந்தவர் ஒருவர். அவர் கத்தவில்லை. "அஞ்சு நிமிஷம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியேறினார். அவர் பஸ் திரையிலிருந்து மறைந்தது. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக. முள்ளு சார், "போங்கய்யா, போங்க" என்று கொஞ்ச நேரம் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் வாசலில் அவரும் எங்கள் பஸ்ஸும்தான் மிச்சம். இவர் இஞ்சினை அணைத்தார், இறங்கிப்போய் மெயின் சுவிட்சையும் அணைத்தார்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் இரண்டு பேரும் வயிறாரச் சாப்பிட்டோம். பழிவாங்கினால் பசி எடுக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மறுநாள் எனக்குக் கண் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. என் கைபேசியைச் சார்ஜில் போட்டுவிட்டதால், கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவரிடம் மணி கேட்டேன். "இன்னும் நேரம் இருக்கு, மெதுவாக் கிளம்பு" என்றார். மெதுவாகத்தான் கிளம்பினேன். அங்கே போனால், "உங்க டோக்கன் போயாச்சும்மா, கடைசியில உக்காருங்க" என்றாள் அந்தப் பெண். நேரத்துக்குத்தானே வந்தேன் என்று சண்டை போட்டேன். அவள் சுவரைக் காட்டினாள். பக்கத்தில் இருந்தவர் கைபேசியைக் காட்டினார். காத்திருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் போய் என் கைபேசியைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தேன். கம்ப்யூட்டர் ஆறு நிமிஷத்துக்கும் மேலே பின்னால் இருந்தது.

மகளுக்குப் போன் போட்டோம். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, டைம் சர்வீஸையும் நிறுத்திட்டீங்களா?"

இவர் சுவரைப் பார்த்தார்.

"உள்ள ஒரு சின்ன பேட்டரி இருக்குப்பா. கரண்ட் இல்லாதப்போ அதுதான் மணிய ஓட்டும். இவ்வளவு பழைய கம்ப்யூட்டர்ல அது சாகப்போற பேட்டரி, மெதுவாத்தான் ஓட்டும். நீங்க ஒவ்வொரு தடவையும் மெயின் சுவிட்சையும் அணைச்சிடுறீங்க. திரும்பப் போடும்போது மணியச் சரி பண்றதே அந்தச் சர்வீஸ்தான். அதையும் எறக்கிவிட்டா?"

போனை வைத்தோம். இவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்ப நேத்து நான் நிஜமாவே லேட்டா?" என்றார்.

"நிஜமாவே லேட்."

"எல்லா வாரமும்?"

"எல்லா வாரமும். அந்த ஆள் இப்ப சொன்னதெல்லாம் சரியான மணி."

மன்னிப்புக் கேட்கப் போகிறாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. நல்ல மனிதரோடு வாழ்வதில் அந்த ஆபத்து உண்டு. ஆனால் அவர் எழுந்து போய் அந்தச் சர்வீஸைத் திரும்பப் போட்டார். கடிகாரம் ஒரு குதி குதித்து முன்னால் வந்து நின்றது. மறுநாளே கடைக்குப் போய் உள்ளே இருக்கும் பேட்டரியை மாற்றிக்கொண்டு வந்தார். வரும்போது இன்னொரு சின்ன பேட்டரியும் வாங்கி வந்திருந்தார். இழுப்பறையைத் திறந்து கைக்கடிகாரத்தை எடுத்து, அதைப் போட்டு, கம்ப்யூட்டரைப் பார்த்து நேரம் வைத்துக் கையில் கட்டினார்.

"யார்கிட்டயும் சொல்லாத" என்றார்.

"நான் எதுக்குச் சொல்றேன்?" என்றேன். "அஞ்சு நிமிஷம் திருப்பினது அவரே ஒத்துக்கிட்டதுதான?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் திரும்பி வந்தார்கள். முள்ளு சார் வரவில்லை. வாசலில் யாராவது நின்றால்தான் ஓட்டமே சரிப்படும் என்று பேச்சு வந்தது. "பஞ்சு, நீயே நில்லு. கேட்ட வாய் உன் வாய்தான்" என்றார் சில்லறை. இவர் இரண்டு தடவை மறுத்துவிட்டு நின்றார். எல்லோருக்கும் உள்ளது உள்ளபடி நேரம் சொன்னார். லேட் என்றால் லேட், ரைட் டைம் என்றால் ரைட் டைம். ஒருத்தரும் குறை சொல்லவில்லை. பயிற்சி வேலை கிடைத்திருந்தால் எப்படி இருந்திருப்பார் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. அதை நினைத்து இன்னும் கொஞ்சம் எரிந்தேன்.

சில வாரம் கழித்துச் சில்லறை தயங்கித் தயங்கிப் போன் செய்தார். முள்ளு சார் ஒரு வண்டி ஓட்ட வரலாமா என்று கேட்கிறாராம். வீட்டில் பேச ஆள் இல்லையாம். வாசல் வேண்டாம், வண்டி போதும் என்கிறாராம். முன்னே பின்னே ஓட்டிய பழக்கம் இல்லை, மகன் வீட்டு ஸ்டியரிங்கை வாங்கி வைத்துக்கொண்டு தினமும் பழகுகிறாராம்.

"வரட்டும்" என்றார் இவர். "ஏன் வரக் கூடாது?"

வந்தார். எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு அவர் வண்டி தூரத்தில் தெரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் பயந்து பயந்து, ஓரமாக, ஒரு கம்பத்தையும் தொடாமல் கொண்டுவந்தார். பழகியிருந்தது தெரிந்தது. நான் கரண்டியோடு போய் இவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். வண்டி வாசலுக்குள் நுழைந்தது. மூலைக் கடிகாரத்தைப் பார்த்தேன். இவர் கைக்கடிகாரத்தையும் பார்த்தேன். இரண்டிலும் ஒரே நேரம். அவருக்குக் குறித்திருந்த நேரம்.

இவரும் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். மைக்கை இழுத்து வாய்க்கு அருகில் வைத்துக்கொண்டார்.

"முள்ளு சார்" என்றார். குரலில் கோபமே இல்லை. பஞ்சாக இருந்தது. "லேட்."

ஸ்பீக்கரில் ஒருத்தரும் சிரிக்கவில்லை, ஒருத்தரும் மறுக்கவில்லை. அத்தனை பேர் கம்ப்யூட்டரிலும் மணி தெரிந்துகொண்டுதான் இருந்திருக்கும். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது.

"எழுதிக்கோங்க சார்" என்றார் முள்ளு சார்.

எனக்கு இனித்தது. பாவம் என்று தோன்றியதாகச் சொன்னால் நாலு பேர் என்னை நல்லவள் என்பார்கள். தோன்றவில்லை. கேட்ட காது இரண்டும் குளிர்ந்தது.

எல்லோரும் போன பிறகு இவர் மைக்கை ஓரமாக வைத்தார். மகள் சொன்னபடி கம்ப்யூட்டரை மட்டும் அணைத்தார், மெயின் சுவிட்சைத் தொடவில்லை.

"நேரத்துக்குத்தான வந்தார்?" என்று கேட்டேன்.

"வந்தார்."

"அடுத்த வாரமாவது ரைட் டைம் சொல்வீங்களா?"

செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டே, "சொல்லலாம்" என்றார். "அவரோட கடைசி ட்ரிப் வரட்டும், பாப்போம்."